கெஜட்டில் வந்த உத்தரவும் கெஜட்டில் வந்த விருப்பமும்

1908ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, திருநெல்வேலி செஷன்ஸ் நீதிமன்றம் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே, நம் ஆட்களின் பங்குப் பணத்தில் கப்பல் விட்டவர் அவர். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை அரசாங்கம் ஊட்டியில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. மாகாணத்தின் உள்ளூர்த் தொழில்களை எப்படி வளர்ப்பது என்பதுதான் அங்கே பேச்சு. தொழில் வளர்ச்சிக்கென்று தனித் துறை வேண்டும், அதற்கு ஓர் இயக்குநர் வேண்டும் என்று அந்த மாநாடு கேட்டது.

இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம்தான். அரசாங்கம் இரட்டை வேஷம் போட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஊட்டியில் கூடிய அதிகாரிகளில் சிலர் இந்த மாகாணத்தில் தொழில் வளரவேண்டும் என்று உண்மையிலேயே விரும்பியவர்கள், அதற்காகப் பல வருஷம் உழைத்தவர்கள். அப்படியிருந்தும் அவர்கள் விருப்பம் ஏன் நிலைக்கவில்லை? அந்தக் காலத்து அரசாங்க அறிவிப்புகளை வணிகம், கப்பல், தொழில் என்று பிரித்து வைத்துப் பார்த்தால் பதில் அங்கேயே கிடைக்கிறது. வணிகமும் கப்பலும் பற்றிய அறிவிப்பு சட்டத்தின் பலத்தோடு வந்தது. மீறினால் சரக்கு பறிபோகும். உள்ளூர்த் தொழிலை ஊக்குவிக்கும் அறிவிப்புக்குப் பின்னால் சட்டமும் இல்லை, நிலையான பணமும் இல்லை. லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அது நின்றுபோகும்.

இந்த அறிவிப்புகள் மக்களை எப்படி வந்தடைந்தன என்பதை முதலில் பார்த்துவிடலாம். சென்னை மாகாணத்துக்கு 1832 முதல் புனித ஜார்ஜ் கோட்டை கெஜட் இருந்தது. பதவி நியமனம், ஏலம், நில எடுப்பு, சுங்கம், துறைமுக விதிகள், மழைக்கணக்கு என்று எல்லாம் அதில்தான் வரும். பிறகு ஜில்லாக்களுக்குத் தனித்தனி கெஜட்டுகள் வந்தன. அவற்றில் அந்தந்த ஊர் மொழியிலும் அறிவிப்புகள் அச்சாயின. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சொற்பமாக இருந்த காலம் என்பதால், முக்கியமான சங்கதி தாலுகா கச்சேரியிலும் ஊர்ச்சாவடியிலும் ஒட்டப்பட்டு, தமுக்கு அடித்தும் சொல்லப்படும். ‘இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்’ என்ற தொடக்கம் இன்றைக்கும் நம் காதில் இருப்பது அந்தப் பழக்கத்தால்தான்.

ஆனால் எல்லா அறிவிப்புக்கும் ஒரே எடை கிடையாது. 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 19ஆம் பிரிவு, எந்தச் சரக்கையும் நாட்டுக்குள் கொண்டுவருவதையோ வெளியே கொண்டுபோவதையோ கெஜட்டில் ஓர் அறிவிப்பு போட்டே தடைசெய்யலாம், கட்டுப்படுத்தலாம் என்று வைஸ்ராயின் அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்தது. சட்டசபைக்குத் திரும்பப் போகவேண்டியதில்லை, விவாதம் வேண்டியதில்லை. எந்த ஊர் துறைமுகம், அந்தத் துறைமுகத்தில் எந்த இடத்தில் சரக்கை இறக்கலாம் என்பதெல்லாமும் இதே வழியில் தீர்மானமானது. வரி போடுவதற்கு ஒரு சரக்கின் மதிப்பை எவ்வளவு என்று வைத்துக்கொள்வது என்பதைக்கூட அரசாங்கம் பட்டியலாக அறிவிக்கும். வியாபாரி வாங்கிய விலை வேறு, பட்டியலில் உள்ள மதிப்பு வேறு. சுங்கச்சாவடியில் செல்லுபடியாவது பட்டியல்தான்.

கப்பல் பற்றிய அறிவிப்புகளில் பெரும்பகுதி உயிர்காக்கும் வேலையைச் செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டி வரவேண்டும். மசூலா என்பது பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துபோகும், தைத்த படகோ வளைந்துகொடுக்கும். அலை எந்த அளவுக்கு ஆபத்தாக இருக்கிறது என்பதைத் துறைமுக அதிகாரியின் அலுவலகத்தில் ஏற்றும் கொடி சொல்லும். குறிப்பிட்ட கொடி ஏறிவிட்டால் படகு போகக்கூடாது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, கோட்டையின் கொடிமரத்தையே இறக்கிவைத்திருந்த காலமும் உண்டு. கப்பல்கள் இங்கே நிற்க வேண்டாம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

கலங்கரை விளக்கம் பற்றிய அறிவிப்புகளும் அப்படியே. 1844இல் எஸ்பிளனேடில் கல் தூண் கட்டி விளக்கு ஏற்றினார்கள். 1894இல் அது உயர்நீதிமன்றத்தின் பெரிய கோபுரத்துக்கு மாறியது. விளக்கு இடம் மாறுவதை மாலுமிகளுக்கு முன்கூட்டியே அறிவிக்காவிட்டால் கப்பல் கரை தட்டும். துறைமுகம் கட்டும் வேலைக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். ஏறக்குறைய முடிந்த நிலையில் 1881 நவம்பர் புயல் அதைப் பெயர்த்துப்போட்டது. திரும்பவும் கட்டி, 1904இல் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்ற பிறகு வாயிலின் இடத்தையே மாற்றித்தான் அது ஒழுங்கான துறைமுகமானது.

சரி, இந்த விதிகளை எழுதியவர்கள் யார்? 1905இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம் சட்டப்படி அமைந்தபோது, வணிகர்களின் குரலாக அங்கே ஒலித்தது பெரும்பாலும் 1836 முதல் இருந்துவரும் சென்னை வணிக சபை போன்ற ஐரோப்பியர் அமைப்புகளின் குரல். இந்திய வணிகர்களுக்கென்று தென்னிந்திய வணிக சபை 1909இல்தான் பிறந்தது. எந்தக் கப்பலுக்கு எந்த இடம், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் முடிவாகும் மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

இனி தூத்துக்குடிக்கு வருவோம். ஓர் அறிவிப்பு எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போன தமிழ்த் தொழிலாளர்கள், நெடுங்காலம் பாம்பன், தொண்டி, அம்மாபட்டினம் போன்ற சிறு துறைகளிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே நடந்து மலைநாட்டுக்குப் போனார்கள். அந்த வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதும் இலங்கை அரசாங்கம் பயந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வடக்குப் பாதை மூடப்பட்டு, தொழிலாளர் போக்குவரத்து தூத்துக்குடி – கொழும்பு வழிக்குத் திருப்பப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் போட்டு, ஆட்களை நிறுத்திவைத்துச் சோதித்து, பிறகுதான் கப்பலேற்றினார்கள். சுகாதார நோக்கத்தில் பார்த்தால் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வணிக நோக்கத்தில் பாருங்கள். பல துறைகளில் பல தோணிக்காரர்களிடம் சிதறிக் கிடந்த பயணிகள் கூட்டம் முழுவதும் ஒரே துறைக்கு, நீராவிக் கப்பல் போகும் ஒரே வழிக்கு வந்து சேர்ந்தது. அந்த வழியில் கப்பல் ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. யாரும் பி.ஐ.க்கு ஏகபோகம் தருகிறோம் என்று கெஜட்டில் அறிவிக்கவில்லை. நோய்த்தடுப்பு அறிவிப்பு அந்த வேலையைத் தானாகவே செய்து முடித்தது.

வ.உ.சி. கை வைத்தது இந்த வழியில்தான். சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16ஆம் தேதி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். சிறு வியாபாரியும் ஒரு பங்கு வாங்கலாம் என்ற கணக்கில்தான் 25 ரூபாய் என்று வைத்தார்கள். முதலில் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். பி.ஐ. கொடுத்த நெருக்கடியில் அந்த ஏற்பாடு முறிந்தது. அப்புறம் 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கினார்கள். கம்பெனியின் நோக்கங்களில் ஒன்றை இங்கே குறிப்பாகச் சொல்லவேண்டும். கப்பல் ஓட்டும் கலையிலும் கப்பல் கட்டும் தொழிலிலும் நம்மவர்களைப் பழக்குவது, அதற்கான தளம் அமைப்பது என்பதை அவர்கள் தங்கள் குறிக்கோளாகவே எழுதிவைத்திருந்தார்கள். உள்ளூர்த் தொழிலை வளர்க்கும் திட்டம் என்று ஊட்டி மாநாடு தேடியது எதுவோ, அது தூத்துக்குடியில் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, அரசாங்கப் பணம் ஒரு காசு இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

பி.ஐ. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. இலவசமாகவே ஏற்றிப்போய்க் கூடவே குடையும் கொடுத்தது என்பார்கள். அரசாங்கம் என்ன செய்தது? கம்பெனியைத் தடைசெய்து ஓர் அறிவிப்பும் வரவில்லை. தேவைப்படவுமில்லை. தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளித்தான் நிற்கும். அங்கே போய்ச்சேர லைசென்ஸ் பெற்ற படகு வேண்டும். சரக்கு ஏறச் சுங்க அதிகாரியின் அனுமதி வேண்டும். பயணி ஏற மருத்துவச் சோதனை முடிய வேண்டும். கப்பல் புறப்படத் துறைமுக அனுமதிச் சீட்டு வேண்டும். ஒவ்வொரு பயணமும் குறைந்தது மூன்று நான்கு அரசாங்கக் கையெழுத்துகளைத் தாண்டித்தான் நடக்கும். அதிகாரிகள் பி.ஐ. பக்கம் சாய்ந்துவிட்டால், விதி எதையும் மீறாமலே ஒரு கப்பலைத் தாமதப்படுத்தலாம், கூட்டம் மாற்றுக் கப்பலுக்குப் போய்விடும். தூத்துக்குடியில் அதிகாரிகள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதில் ரகசியம் இல்லை.

கடைசியில் வ.உ.சி.யை உள்ளே தள்ளியது வணிகச் சட்டமும் இல்லை. தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடிய கூட்டங்கள், 1908 மார்ச் 12இல் கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், ராஜத்துரோக வழக்கு என்று அது வேறு பாதையில் போனது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். அதற்கு முன்பே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வாதம் வரும். அந்தக் காலத்து அரசாங்கத்தின் கொள்கை தலையிடாமைதானே, சுதேசிக் கம்பெனிக்கு மட்டும் உதவி எதிர்பார்ப்பது சரியா என்று கேட்பார்கள். தலையிடாமை என்பது எல்லார் விஷயத்திலும் இருந்திருந்தால் அந்த வாதத்தை ஏற்கலாம். பி.ஐ. 1856இல் தொடங்கியது முதலே அஞ்சல் ஒப்பந்தத்தில் வளர்ந்த கம்பெனி. கடிதப் பைகளை ஏற்றிப்போவதற்காக அரசாங்கம் ஆண்டுதோறும் பணம் கொடுத்தது. அந்த நிச்சயமான வருமானத்தின் மேல் நின்றுதான் அது புதிய வழிகளில் கப்பல் விட்டது. ரயில்வேயின் கதை இன்னும் பெரியது. சென்னை ரயில்வே கம்பெனி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1இல் முதல் ரயிலை விட்டது. அதில் பணம் போட்ட லண்டன் பங்குதாரர்களுக்கு, ரயில்வே லாபம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் 5 சதவீத வட்டி உறுதி என்று அரசாங்கம் எழுதிக்கொடுத்திருந்தது. துண்டு விழுந்த பணம் இந்த நாட்டு வரிப்பணத்திலிருந்து போனது. ஒரு தொழிலை ஊக்குவிப்பது எப்படி என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரியும். பல வருஷ ஒப்பந்தம், எழுதிய தொகை, நிச்சயமான தவணை. ஊக்கம் என்றால் அதுதான்.

உள்நாட்டுக் கைத்தொழிலுக்குக் கிடைத்தது வேறு மாதிரி. அதிலும் நல்லது ஒன்று உண்டு. அதை மறைக்கக்கூடாது. சென்னை மாகாணத்துக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சரக்கு போக வழியெல்லாம் சாவடி வைத்து வசூலித்துவந்த சுங்கத்தை 1844இன் சட்டம் ஒழித்தது. தறிக்கும் தொழில் கருவிக்கும் போட்டிருந்த மொகதர்பா வரி அதன் பிறகு போனது. எந்த ஊக்குவிப்புத் தீர்மானத்தையும்விட இந்த இரண்டும் நெசவாளிக்கு அதிகம் செய்தன என்பது என் எண்ணம். ஆனால் அந்த நேரத்துக்குள் இங்கிலாந்தின் லங்காஷயர் மில் துணி சந்தையைப் பிடித்து நெடுநாளாகிவிட்டது.

1896இல் வந்த பருத்தி வரி மாற்றம் இந்தக் கதையின் நடுநாயகமான இடம். கஜானா காலி, எனவே இறக்குமதித் துணிக்கு வரி வேண்டும். ஆனால் அந்த வரி இந்திய மில்களுக்குப் பாதுகாப்பாக மாறிவிடக்கூடாது என்று லங்காஷயரின் மான்செஸ்டர் மில்காரர்கள் கேட்டார்கள். கிடைத்த வழி: இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீதம், இந்திய மில்லில் நெய்த துணிக்கும் அதே 3.5 சதவீத உற்பத்தி வரி. நூலுக்கு வரி கிடையாது, கைத்தறிக்கும் கிடையாது. கைத்தறிக்காரருக்கு இதனால் கொஞ்சம் மூச்சு கிடைத்தது என்பது உண்மை. ஆனால் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ நீராவித் தறி போட நினைத்தவருக்கு, அரசாங்கம் சொன்ன சேதி தெளிவானது. அந்த உற்பத்தி வரி 1925 டிசம்பரில்தான் நிறுத்தப்பட்டது. முப்பது வருஷம் அசையாமல் நின்ற அறிவிப்பு அது.

இதற்கெதிரே ஆல்பிரட் சாட்டர்டனின் வேலையை வைத்துப் பாருங்கள். சாட்டர்டன் 1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். பிறகு கலைப் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. அங்கே 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் பரிசோதனையைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கன்னார்களின் கையில் புது உலோகத்தைக் கொடுத்து, சட்டி, செம்பு, தவலை செய்யச் சொன்னார். விற்பனை பிடித்துக்கொண்டது. 1903இல் அந்தத் தொழில் தனியார் கம்பெனி ஒன்றுக்கு விற்கப்பட்டது. அரசாங்கம் தொடங்கிவைத்து, நிலைநிறுத்தி, பிறகு கைமாற்றிக் கொடுப்பது என்ற முறை நடக்கக்கூடியதுதான் என்பதற்கு அது சாட்சி.

அதே ஆண்டு அவர் தோலுக்குப் போனார். இந்தத் தோல் விவகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சென்னை மாகாணத்தின் தோல் பதனிடுதல் ஆவாரம்பட்டையை நம்பி நடந்த தொழில். ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, பட்டைச் சாற்றுத் தொட்டியில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டு எடுப்பார்கள். அப்படிப் பதனிட்ட தோல் லண்டன் சந்தையில் நல்ல விலைக்குப் போனது. இந்த நிலையில் அமெரிக்காவில் குரோம் உப்பால் பதனிடும் முறை வந்தது. அதற்குப் பதனிடாத பச்சைத் தோல் போதும். அமெரிக்க வியாபாரிகள் இங்கே ஆட்டுத்தோலைப் பச்சையாகவே வாங்கிக் கப்பலேற்ற, ஆவாரம்பட்டைத் தொட்டிகளுக்குத் தோல் கிடைக்காமல் போனது. நாமே குரோம் பதனிடக் கற்றுக்கொண்டால் என்ன என்பதுதான் சாட்டர்டனின் கேள்வி. அவருடைய தொழிற்கூடம் செய்த முதல் பொருள்களில் ஒன்று மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைக்கும் கவலை ஏற்றத்துக்கான தோல் பை. பட்டையில் பதனிட்ட பை நாளெல்லாம் கிணற்று நீரில் மூழ்கி எழுந்தால் சீக்கிரம் இற்றுப்போகும். குரோம் தோல் தண்ணீருக்குத் தாங்கும். உழவனுக்கு என்ன தேவை என்று கிணற்றடியில் நின்று யோசித்த ஒரு ஆள்தான் இப்படித் தொடங்குவார். எண்ணெய் இயந்திரம் வைத்துக் கிணற்றில் நீர் இறைக்கும் வேலையையும் அவர்தான் மாகாணத்தில் பரப்பினார். சேலத்தில் 1906இல் ஒரு நெசவுக்கூடம் தொடங்கி, விசை நாடாத் தறியில் கைத்தறிக்காரரைப் பழக்கினார்.

எதிர்ப்பு வந்தது. அரசாங்கமே வியாபாரத்தில் இறங்கித் தனியார் முயற்சிக்குப் போட்டியாக நிற்கிறது என்று சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் புகார் செய்தார்கள். ஊட்டி மாநாட்டுக்குப் பிறகு தனித் துறையும் இயக்குநர் பதவியும் வரவும் அந்தப் புகார் உரத்தது. 1910 ஜூலையில் பிரிட்டிஷ் மந்திரிசபையில் இந்திய விவகாரங்களைக் கவனித்த மந்திரி மார்லியின் கடிதம் லண்டனிலிருந்து வந்தது. மேல்நாட்டு அறிவியலும் தொழில்முறையும் தரும் மேம்பாடுகளை மக்களுக்குக் காட்டிப் பழக்குவது வரைக்கும் அரசாங்கப் பணத்தைச் செலவழிக்கலாம், அதற்கு மேல் போகக்கூடாது, லாபம் வருமா என்பதைத் தனியார்தான் நிரூபிக்கவேண்டும் என்பது அதன் சாரம். குரோம் தோல் தொழிற்கூடம் ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சேலம் நெசவுக்கூடம் மூடப்பட்டது. சாட்டர்டன் 1912இல் மைசூர் சமஸ்தானத்துக்குப் போனார். அங்கே 1916இல் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை வந்தது. லண்டனின் கடிவாளம் கொஞ்சம் தளர்ந்திருந்த மைசூரில் முடிந்தது, சென்னையில் முடியவில்லை.

மார்லி சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த சில ஆண்டுகளில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரம் பக்கத்தில் குரோம் தோல் கம்பெனியை நடத்தி நன்றாகவே வளர்ந்தார். குரோம்பேட்டை என்ற பெயர் அதனால் வந்ததுதான். தனியார் செய்வார்கள் என்று சொன்னது அங்கே பலித்தது. ஆனால் அப்படிப் பலிக்க மூலதனமும் வங்கித் தொடர்பும் ஏற்றுமதிச் சந்தையும் கையில் இருக்கவேண்டும். சென்னைப் பெரியமேட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆவாரம்பட்டைத் தொட்டி வைத்திருந்தவருக்கு அவையெல்லாம் எட்டாத தூரத்தில் இருந்தன. அவருக்குத் தேவைப்பட்டது யாராவது முதல் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வது. சாட்டர்டன் செய்தது அதைத்தான், மார்லி நிறுத்தியதும் அதைத்தான்.

இதைவிடப் பெரிய ஊக்கம் ஒன்று அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. ரயில்வே, பொதுப்பணி, ராணுவம், அச்சகம் எல்லாவற்றுக்கும் பொருள் வாங்கும் மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம்தான். உள்நாட்டில் செய்த பொருளை முடிந்தவரை வாங்கவேண்டும் என்று 1880களிலேயே விதி சொன்னது. ஆனால் பெரிய கொள்முதல் லண்டனில் உள்ள இந்தியா அலுவலகத்தின் வழியேதான் தொடர்ந்து நடந்தது. அங்கே விலை பவுனில், டெண்டர் அங்கே, சோதனையும் அங்கே. சென்னையில் பட்டறை வைத்திருப்பவர் எப்படி விலை சொல்வார்? 1922இல் இந்தியக் கொள்முதல் துறை வந்த பிறகுதான் அது மெல்ல மாறத் தொடங்கியது. ஊக்குவிப்போம் என்ற நூறு தீர்மானங்களைவிட, ஒரு ஜில்லா கச்சேரிக்கு வேண்டிய பூட்டும் விளக்கும் உள்ளூரில் வாங்கப்பட்டிருந்தால் அது அதிகம் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் உலகப்போர்தான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கப்பல் கிடைக்கவில்லை, இங்கிலாந்திலிருந்து சரக்கு வரவில்லை. 1914இலேயே சென்னையில் தொழில் துறை திரும்ப உயிர்பெற்றது. மலபாரின் தானூரில் மீன் எண்ணெயை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த பிரடெரிக் நிக்கல்சன் அதிலிருந்து சோப்பு செய்யும் அரசாங்கத் தொழிலுக்கு வழி போட்டார். 1916இல் ஹாலண்ட் என்பவரின் தலைமையில் இந்தியத் தொழில் ஆணையம் அமைந்தது. சாட்டர்டனும் அதில் உறுப்பினர். 1918இல் வந்த அதன் அறிக்கை, தொழில் வளர்ச்சியில் அரசாங்கம் நேரடியாக இறங்கவேண்டும் என்று சொன்னது. இந்தியத் தொழில்கள் எப்படி நசிந்தன என்ற வரலாற்றை அறிக்கை சரியாகச் சொல்லவில்லை என்று மதன் மோகன் மாளவியா தனிக் குறிப்பு எழுதிச் சேர்த்தார்.

தோலுக்கும் அப்போதுதான் காலம் மாறியது. ராணுவப் பூட்ஸின் மேல்தோலுக்குச் சென்னைத் தோல் வேண்டும் என்று போர் அலுவலகம் கேட்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட அதே தோல். உடனே கட்டுப்பாடு அறிவிப்புகள் வந்தன. தரம் இவ்வளவு, விலை இவ்வளவு, அரசாங்கத்துக்குத்தான் கொடுக்கவேண்டும். பல ஆண்டுகளாக ஊக்குவிப்பாகப் பேசிப்பேசி நடக்காதது, ராணுவத் தேவை என்றதும் சில மாதங்களில் நடந்தது. தொட்டிகள் பெருகின, புதிய பதனிடும் கூடங்கள் வந்தன.

போர் முடிந்ததும் அவையெல்லாம் என்ன ஆவது என்ற கவலை வந்தது. 1919 செப்டம்பரில், பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டார்கள். பச்சைத் தோல் வெளியே போவதைத் தடுத்து உள்ளூர்ப் பதனிடும் தொழிலைக் காப்பதற்கான வரி. சென்னைத் தோல்காரர்கள் நெடுநாள் எதிர்பார்த்தது, முதல் தடவையாகச் சட்ட பலத்தோடு வந்தது. கல்கத்தாவின் பச்சைத் தோல் ஏற்றுமதியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இன்னொரு விதியும் இருந்தது. தோல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் உள்ள நாட்டுக்குப் போய் அங்கேயே பதனிடப்பட்டால், வரியில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பித் தரப்படும். அதாவது ஹாம்பர்க்குக்குப் போகும் தோலுக்கு 15, லண்டனுக்குப் போகும் தோலுக்கு 5. போருக்கு முன் இந்தியப் பச்சைத் தோலில் பெரும்பங்கை வாங்கியது ஜெர்மனி. அந்த வியாபாரம் திரும்ப அங்கே போகாமல் இங்கிலாந்துக்குத் திரும்பட்டும் என்பது இந்த விதியின் கணக்கு. பெரியமேட்டுத் தொட்டிக்குப் பாதுகாப்பு என்று சொல்லப்பட்டதில் பெரும்பங்கு இங்கிலாந்தின் பதனிடும் கூடங்களுக்குப் போனது. 1923இல் இந்தச் சலுகையை எடுத்துவிட்டு, வரியையும் எல்லாருக்கும் 5 சதவீதம் என்று குறைத்துவிட்டார்கள்.

அதே 1923இல், தொழில்களுக்கு அரசாங்கக் கடன் கொடுக்க வழிசெய்யும் மாகாணச் சட்டம் சென்னையில் அமலுக்கு வந்தது. இயந்திரம் வாங்க, கூடம் கட்ட என்று மனுப்போடலாம். துறை பரிசீலிக்கும், சொத்தை ஈடு கேட்கும். மாகாணத் துறைகளை ஆளுநர் தரப்பும் இந்தியர்களான மந்திரிகளும் பிரித்துக்கொண்ட இரட்டை ஆட்சியில், தொழில் துறை சென்னையின் இந்தியரான மந்திரி ஒருவரின் பொறுப்பில் இருந்தது. ஆனால் சுங்கம், ரயில்வே, கடல் வணிகம், பெரிய கப்பல், நாணயம் எதுவும் மாகாணத்தின் கையில் இல்லை. கடன் வாங்கித் தறியோ தொட்டியோ போட்டவர், தன் சரக்கு எந்தக் கட்டணத்தில் ரயிலேறும், எந்த வரியோடு கப்பலேறும் என்று தெரிந்துகொள்ள டெல்லியின் கெஜட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.